இருபத்தெட்டு டிஸ்க்கும் ஒற்றைத் தண்டவாளமும்

விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து விருத்தாசலம் வழியாக ஒரு பாதை வரும். மயிலாடுதுறையிலிருந்து கடலூர் வழியாக ஒன்று, காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக ஒன்று, புதுச்சேரியிலிருந்து ஒன்று. நான்கும் வந்து சேருமிடம் இது. பிளாட்பாரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வடக்கே முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் என்று செங்கல்பட்டை நோக்கிப் போனது வெகுகாலம் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரே ஒரு வண்டி கிளம்பிவிட்டால் நம் வண்டி ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் கிராசிங்குக்காக நிற்கும். ஜங்ஷனில் இன்னும் நான்கு பிளாட்பாரம் கட்டியிருந்தாலும் அந்த வண்டி ஒரு நிமிடம்கூட முன்னால் போய்ச் சேர்ந்திருக்காது. பிற்பாடு இரட்டைப் பாதை வந்தபோதுதான் அந்தக் காத்திருப்பு குறைந்தது.

வாரத்துக்கு ஆறு நாள் இந்தப் பாதையில் போய்வந்தவன் நான். இருந்தும், எங்கள் சர்வர் மெதுவானபோது இது எனக்கு உறைக்கவில்லை. நான்கு பிளாட்பாரம் கூடுதலாகக் கட்டச் சொல்லிக் குறிப்பு எழுதியவனும் நானே.

அது 2006. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். தலைமை இடம் விழுப்புரம், திண்டிவனத்தில் ஒரு கிளை, இரண்டையும் இணைக்க ஒரு லீஸ்டு லைன். சுமார் 1,20,000 கணக்குகள். மாதம் பிறந்ததும் முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஆபரேட்டர் வந்து, அத்தனை கணக்கிலும் வட்டியையும் நிலுவையையும் ஏற்றும் ஓட்டத்தைத் தொடங்குவார். ‘போஸ்டிங்’ என்போம். அரை மணிக்குள் முடிந்துவிடும். அது முடிந்தால்தான் பத்து மணிக்குக் கவுண்டர் திறக்கலாம்.

அந்த ஜூன் மாதம் அது மூன்று மணி நேரம் ஓடியது. ஜூலையிலும் அப்படியே. மரக்காணத்திலிருந்தும் ஒலக்கூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் திண்டிவனம் கிளை வாசலில் குந்தியிருந்தார்கள். “சிஸ்டம் ஸ்லோ” என்பதற்கு மேல் அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. திண்டிவனத்துக்காரர்கள் லைனைக் குறை சொன்னார்கள். லைன்காரர்கள் சர்வரைக் குறை சொன்னார்கள். மேலதிகாரி, ஆபரேட்டர் நேரம் கழித்து வந்திருப்பார் என்றார். அந்தப் பெண்ணுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ போனது. வரைவு எழுதியது நான்.

சர்வரில் எட்டு டிஸ்க். எல்லாம் நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றும் ஸ்கசி ரகம். ‘ரெய்டு 5’ முறையில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. (ரெய்டு என்றதும் எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் வருமான வரிக்காரர்கள் வந்துவிட்டதாகப் பதறியது தனிக்கதை.) டிஸ்க் போதவில்லை, அதனால்தான் மெதுவாகிறது என்று முடிவு செய்தேன். இன்னும் நான்கு டிஸ்க் வாங்க ஒப்புதல் பெற்று, ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டையும் சேர்த்துப் புதிதாகக் கட்டினோம். ஆகஸ்ட் முதல் தேதி போஸ்டிங் எடுத்துக்கொண்ட நேரம் இரண்டே முக்கால் மணி.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், இதே தப்பு எவ்வளவு பெரிய இடத்தில் எல்லாம் நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிப் படிக்க நேரம் கிடைத்தது. படித்ததில் கொஞ்சம் ஆறுதலும் கிடைத்தது.

டிஸ்க்கின் கதை 1956-ல் ஐ.பி.எம். விற்பனைக்குக் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தில் தொடங்குகிறது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இத்தனை தட்டுக்கும் படிக்கும் கை ஒன்றுதான். அது லிப்ட் போல மேலும் கீழும் ஏறியிறங்கி, வேண்டிய தட்டுக்கு வந்து, உள்ளே நுழைந்து படிக்கும். சராசரியாக ஒரு தகவலை எடுக்க 600 மில்லிசெகண்டு, அதாவது அரை விநாடிக்கும் மேல். தட்டு ஐம்பது இருந்தாலும் கை ஒன்றுதான் என்றால் வேகம் அந்தக் கையின் வேகம்தான். ஆக, பிறந்த அன்றே இந்தச் சிக்கலும் கூடப் பிறந்துவிட்டது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் டிஸ்க் சுருங்கியது, கொள்ளளவு மலைபோல் வளர்ந்தது. ஆனால் சுழல்வதும் கை நகர்வதும் இயந்திர வேலை. அது சில்லு வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எங்கள் டிஸ்க் 6 மில்லிசெகண்டில் ஒரு சுற்றுச் சுற்றும். கை நகர ஏறக்குறைய 5, வேண்டிய இடம் சுற்றி வர சராசரி அரைச்சுற்று 3, ஆக 8. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவலை எடுக்க வேண்டுமென்றால் விநாடிக்கு 125 தான் முடியும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் விநாடிக்கு அரை மெகாபைட். அதே டிஸ்க் ஒரே கோட்டில் தொடர்ந்து படித்தால் விநாடிக்குப் பல பத்து மெகாபைட் கொட்டும். “டிஸ்க் எவ்வளவு வேகம்?” என்று கேட்பவரிடம் “எந்த மாதிரி வேலைக்கு?” என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாதது இதனால்தான். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸும் பைபாஸில் ஓடினால் வேகமாகத்தான் ஓடும்.

1988-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கணினிகளுக்கான விலையுயர்ந்த ஐ.பி.எம். 3380 டிஸ்க்குக்குப் பதிலாக, சின்னக் கணினிகளில் வரும் 100 மெகாபைட் டிஸ்க்குகளைக் கூட்டமாகக் கட்டினால் என்ன என்பது கேள்வி. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். கூட்டம் பெரிதானால் ஏதாவது ஒன்று அடிக்கடி சாகும். அதற்கு ஈடாக, மற்றவற்றைக் கொண்டு செத்ததின் தகவலை மீட்டுக் கணக்கிட உதவும் ‘பாரிட்டி’யையும் கூடவே எழுதி வைக்கலாம். இந்த யோசனைக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்டு. மலிவு டிஸ்க்குகளின் கூட்டம் என்று முதலில் விரித்தார்கள். விற்க வந்த கம்பெனிகளுக்கு ‘மலிவு’ என்ற சொல் கசந்தது, ‘தனித்தனி’ என்று மாற்றிக்கொண்டார்கள். விலையும் மலிவாக இல்லை என்பது வேறு விஷயம்.

எழுதியதோடு நிற்காமல் 1989-ல் செய்தும் பார்த்தார்கள். முதல் மாதிரிக்கு ரெய்டு-ஒன்று என்று பெயர். 128 மெகாபைட் நினைவகம் கொண்ட சன் 4/280 கணினி, நான்கு ஸ்கசி கன்ட்ரோலர், 28 டிஸ்க். ஒரு டிஸ்க் தனியாக விநாடிக்கு 1.3 மெகாபைட் தரும். பெருக்கிப் பார்த்தால் 36-க்கு மேல் வரவேண்டும். பயன்படுத்தும் நிரலின் கைக்கு வந்து சேர்ந்தது 2.3.

இருபத்தெட்டு டிஸ்க் சேர்ந்து இரண்டு டிஸ்க்கின் வேலையைக்கூடச் செய்யவில்லை. அவர்கள் அதை மறைக்கவில்லை. கிட்டத்தட்ட 26 டிஸ்க்கின் வேகம் வீண் என்று தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்த இடம் அது.

எங்கே போயிற்று அந்த வேகம்? அவர்கள் டிஸ்க்கை விட்டுவிட்டு, தகவல் நடந்து வந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். டிஸ்க்கிலிருந்து கிளம்பும் தகவல் வி.எம்.இ. என்ற பொதுப் பாதையில் வர வேண்டும். அது விநாடிக்கு 9 மெகாபைட்டிலேயே நிறைந்துபோனது. 28 டிஸ்க் கட்டிய இடத்தில் ஏழு டிஸ்க்குக்குத்தான் வழி. வந்த தகவல் முதலில் இயங்குதளத்தின் பகுதியில் இறங்கும். அங்கிருந்து நிரலின் பகுதிக்கு மறுபடியும் பிரதி எடுக்க வேண்டும். ஒரே நினைவகத்தில் எழுது, படி, மறுபடி எழுது. நெல் மூட்டையை லாரியிலிருந்து இறக்கி, குடோனில் அடுக்கி, அதையே தூக்கி வேறு குடோனில் அடுக்குகிற மாதிரி. தூக்குகிற ஆள் சோர்ந்துபோன இடம்தான் 2.3.

அடுத்து அவர்கள் கட்டிய ரெய்டு-இரண்டில் கூடுதல் டிஸ்க் முக்கியமாக இருக்கவில்லை. எக்ஸ்பஸ் என்று ஒரு பலகையைத் தாங்களே வடிவமைத்து, பெரிய தகவல்கள் அந்தக் கணினியின் நினைவகத்துக்குள் நுழையாமலே டிஸ்க்கிலிருந்து நேராக வலைப்பின்னலுக்குப் போகும்படி செய்தார்கள். சுருங்கச் சொன்னால் ஒரு பைபாஸ். 1994-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைப்படி, சிதறிய பெரிய தகவல்களைப் படிக்க விநாடிக்கு 20 மெகாபைட், தொடர்ச்சியாகப் படிக்க 31 வரை கிடைத்தது.

இனி விழுப்புரத்துக்குத் திரும்பலாம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சர்வர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வந்தவர், என் மகன் வயது. பன்னிரண்டு டிஸ்க்கும் வரிசையாகப் பச்சை விளக்கோடு நிற்பதை நான் பெருமையாகக் காட்டினேன்.

“நல்லா இருக்கு சார். இதுல ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் சும்மா இருக்குன்னு பாத்தீங்களா?”

“சும்மாவா? மூணு மணி நேரமா ஓடுதே தம்பி!”

“ஓடுறது வேற, வேலை செய்யறது வேற சார்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மாதிரிக்கு ஒரு சின்ன போஸ்டிங்கை ஓட விட்டு, டிஸ்க் வேலையைக் கணக்கெடுக்கும் கட்டளையைத் தட்டினார். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இருப்பது; எங்கள் பையன்கள் அதை ‘ஐயோ-ஸ்டாட்’ என்பார்கள், பார்க்கிறவர் வாயில் பெரும்பாலும் அந்த முதல் பாதிதான் வரும். கன்ட்ரோலரோடு வந்த மென்பொருளில் தனித்தனி டிஸ்க்கின் நிலவரத்தையும் எடுத்தார். ஒவ்வொரு டிஸ்க்கும் ஆறில் ஒரு பங்கு நேரம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மீதி நேரம் வெறுமனே சுழன்றது. எட்டு டிஸ்க்காக இருந்தபோது நால்வரில் ஒருவர் வேலை செய்திருப்பார். நான் நான்கு பேரைச் சேர்த்து, சோம்பேறித்தனத்தைப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒரே கோட்டில் படிக்கும் சோதனை நல்ல வேகம். அதனால் கேபிளும் பொதுப் பாதையும் சரி. ஒரே ஒரு டிஸ்க் மட்டும் மற்றவற்றைவிட அதிக நேரம் எடுக்கிறதா என்று பார்த்தார், ஏனென்றால் கூட்டாகக் கட்டிய டிஸ்க்குகளில் ஒன்று நொண்டினாலும் எல்லாம் அதற்காக நிற்கும். அப்படியும் இல்லை. கடைசியாகச் சின்னச் சின்ன எழுத்து வேலையைக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் 14 மில்லிசெகண்டு ஆனது.

அந்த 14-ஐப் பார்த்ததும் கிடைத்துவிட்டது என்றார். ரெய்டு 5-ல் ஒரு சின்னத் தகவலை மாற்ற நான்கு வேலை உண்டு. பழைய தகவலைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதுத் தகவலை எழுது, புதுப் பாரிட்டியை எழுது. படிக்க 8 மில்லிசெகண்டு. படித்த இடத்திலேயே எழுத, தட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திரும்பி வரவேண்டும், அது 6. கூட்டினால் 14. ஒரு கணக்குக்கு ஆறு எழுத்து என்று வைத்தால், 1,20,000 கணக்குக்கு 10,080 விநாடி. இரண்டே முக்கால் மணிக்கு மேல் சில நிமிடம். காகிதத்தில் போட்ட கணக்கு கடிகாரத்தோடு பொருந்தியதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை என்னால் மறைக்க முடியவில்லை, நான் செய்த செலவு நினைவிருந்தும்.

எங்கள் போஸ்டிங் நிரல் ஒரு எழுத்து டிஸ்க்கில் பதிந்தது என்று பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். பணக் கணக்கு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒரே வரிசை, ஒரு நேரத்தில் ஒருவர். அந்த வரிசைக்கு எட்டு டிஸ்க் இருந்தாலும் எண்பது இருந்தாலும் ஒன்றுதான். ஒரு வண்டி போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வண்டிக்குச் சிக்னல்.

அப்படியானால் மே மாதம் வரை எப்படி அரை மணியில் முடிந்தது? கன்ட்ரோலர் அட்டையில் கொஞ்சம் நினைவகம் உண்டு. எழுத வந்ததை அதில் வாங்கி வைத்துக்கொண்டு “பதிந்தாயிற்று” என்று உடனே சொல்லிவிடும். பிறகு சாவகாசமாக, பக்கத்துப் பக்கத்தில் போக வேண்டியவற்றைச் சேர்த்து ஒரே நடையில் டிஸ்க்கில் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் அந்த நினைவகத்தில் இருப்பது அழியாமலிருக்க அட்டையிலேயே ஒரு சின்ன பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால், அட்டை நேர்மையாக நடந்துகொள்ளும். வாங்கி வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்லும். தகவலுக்கு ஆபத்தில்லை, வேகம் போய்விடும்.

எங்கள் பேட்டரி செத்திருந்தது. மின்சாரம் மிச்சம் என்று சர்வர் அறை ஏ.சி.யை இரவில் நிறுத்தும் வழக்கம் எங்களுக்கு. கத்திரி வெயிலில் அடைத்த அறையில் அது வெந்தே போயிருக்கும். சர்வர் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் திரையில் ஒரு வரி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, பேட்டரி இல்லை, நேரடி எழுத்து முறைக்கு மாறுகிறேன் என்று. பார்க்கத்தான் திரை இல்லை. தபால் பிரிவில் மானிட்டர் பழுதானபோது, சர்வருக்கு எதற்கு மானிட்டர் என்று அதைக் கழற்றி அங்கே கொடுத்திருந்தோம்.

ஒரு பக்கக் கதை. எங்கள் காவலாளி, “ஜெனரேட்டர் ஓடுனா தரை அதிருது சார், அதான் மெசின் கெட்டிருக்கும்” என்று ஜூனிலேயே சொன்னார். சிரித்தோம். 2008 டிசம்பரில் பிரெண்டன் கிரெக் என்ற சன் கம்பெனிப் பொறியாளர், அடுக்கி வைத்த டிஸ்க்குகளின் முன் வாய்விட்டுக் கத்துகிற வீடியோ ஒன்று வெளிவந்தது. அவர் கத்தும் நேரத்தில் டிஸ்க்குகளின் தாமதம் எகிறுவது வரைபடத்தில் தெரிகிறது. அதிர்வில் கை தன் இடத்தை விட்டு விலகி, மறுபடி குறிபார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் கேஸில் அது காரணமில்லை. ஆனால் காவலாளி சொன்னது சிரிக்கிற விஷயமில்லை.

பேட்டரி வர ஒன்பது நாள் ஆனது. மாட்ட அரை மணி. நான்கு டிஸ்க் விலையில் அது ஒரு சிறு துண்டு. செப்டம்பர் முதல் தேதி காலை போஸ்டிங் 26 நிமிடத்தில் முடிந்தது. பத்து மணிக்குத் திண்டிவனம் கவுண்டர் திறந்தது என்று போன் வந்தது.

மெமோவைத் திரும்பப் பெறும் குறிப்பையும் நானே எழுதினேன். ஆபரேட்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, “நான் ஏழு மணிக்கே வந்தேன்னு கேட் ரிஜிஸ்டர்ல இருந்துச்சு சார், யாரும் பாக்கல” என்றார். நானும் பார்த்திருக்கவில்லை.

தபால் பிரிவிலிருந்து மானிட்டரைத் திரும்ப வாங்கி வைத்தோம். கூடுதலாக வாங்கிய நான்கு டிஸ்க்கில் இரண்டைக் கழற்றி பீரோவில் வைத்தேன். ஒன்று 2009-ல் பழுதான ஒன்றுக்குப் பதிலாகப் போனது. இன்னொன்று நான் ஓய்வு பெற்ற அன்று சாவிக்கொத்தோடு ஒப்படைத்த பட்டியலில் இருந்தது.